வல்லைவெளியில் காற்றுப் போனது

நல்லூர்,
14.07.1974

அன்பும் மதிப்பும் நிறைந்த அண்ணைக்கு,

தம்பி சோமசேகரம் எழுதுவது. பதுளைக் குளிரோடு ஒத்துப்போய் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன். இங்கு யாவரும் சுகம் என்று எழுதப்போய், 'யாவரும்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

விஷயம் சைக்கிள்தான். நீங்கள் எனக்குத் தந்துவிட்டுப் போன அதே சைக்கிள், ஆறு மாதமாக மிதிக்க முடியாமல் கனக்கிறது. இருபத்திரண்டு வயதில் இதே சைக்கிளில் உங்களை முன்பாரில் இருத்திக்கொண்டு, கரவெட்டியிலிருந்து நல்லூர்த் தேருக்கு வழிநெடுகப் பாடிக்கொண்டே மிதித்து வந்தவன் நான். பாட்டை நிற்பாட்டச் சொல்லிக் கெஞ்சியது நீங்கள். இப்போது கந்தோர் வேலைக்கு இரண்டு மைல் போவதற்குள் இரண்டு தரம் இறங்கி, செயினைப் பார்ப்பதுபோல் நிற்கிறேன். குருநகரில் சந்தியோகுவின் சைக்கிள் கடையில் செயின் மாற்றி, ரயரும் ரியூப்பும் மாற்றி, சில்லுக்குக் கிறீஸ் பூசி, பிறகு சில்லையே மாற்றியும் கனம் குறையவில்லை. நாலாம் தரம் போனபோது மனுசன் தானே ஏறிக் கடற்கரை வரை ஓடிவிட்டு வந்து, "ஐயா, சைக்கிள் பூப்போலை போகுது. இதிலை மாத்தாத பழைய சாமான் நீங்கள் ஒராள்தான்" என்கிறார். கடை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அதற்கும் மூச்சு வாங்கியது.

போன ஞாயிறு கரவெட்டிக்குப் போனேன். வரும்போது வல்லைவெளியில் சோளகக் காற்று எதிர்த்து அடித்தது என்று எழுதிச் சமாளிக்கலாம்; ஆனால் போகும்போது அதே காற்று முதுகில் தள்ளியும் இளைத்ததே, அதற்கு என்ன சொல்ல? திரும்பும்போது நடுவெளியில் இறங்கி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டிலில் வந்த ஒருவர், "என்ன தம்பி, காத்துப் போட்டுதோ?" என்றார். "ஓமோம், போட்டுது" என்றேன். அவர் இறங்கிவந்து இரண்டு ரயரையும் அமத்திப் பார்த்து, "இதிலை காத்து இருக்குதே!" என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

வீட்டில் மகாதேவி வேறு, "உங்கடை சைக்கிளுக்கு முன்னம் உங்கடை மூச்சுத்தான் படலைக்குள்ளை வருது. உந்தச் சுருட்டை விடுங்கோ" என்கிறாள். நாளுக்கு ஆறு சுருட்டுத்தான் அண்ணை. இருபத்திரண்டிலும் அதே ஆறுதானே, அப்போது ஒன்றும் செய்யவில்லையே?

அப்பா போனது நாற்பத்தேழு வயதில். எனக்கு வருகிற ஆவணியில் நாற்பத்தேழு. மகாதேவியிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணை. நீங்கள் அந்த வயதைத் தாண்டி மூன்று வருடமாகிறது. மேடு ஏறினால் உங்களுக்கும் இளைக்கிறதா, அந்த வருடத்தை எப்படிக் கடத்தினீர்கள் என்று எழுதுங்கள். டொக்டரிடம் போ என்று மட்டும் எழுத வேண்டாம். போனால் ஏதாவது கண்டுபிடிப்பார், அதற்குத்தானே படித்திருக்கிறார். நான் கல்லுமாதிரி இருக்கிறேன். சைக்கிளைத்தான் விற்கப்போகிறேன்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்குச் சித்தப்பாவின் ஆசி.

தங்கள் அன்புத் தம்பி,
சோமசேகரம்

பி.கு.: மேலே உள்ளது முழுவதையும் டொக்டரின் மருந்துச்சாலை வாங்கில் குந்திக்கொண்டுதான் எழுதினேன். மகாதேவி இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். எனக்கு முன்னால் இன்னும் ஒருவர்தான். அவள் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறாள். எழும்பி ஓட இதுதான் நேரம். ஓட மூச்சு இருந்தால் இங்கே ஏன் வந்திருப்பேன், அண்ணை?