இருதய உறையும் ஒற்றைக்கண் டாக்டரும்

மனித குலத்தில் ஒற்றைக்கண்ணர் என்று ஒரு வகை உண்டு. பிறவியில் இரண்டு கண்ணும் நன்றாகவே இருக்கும். ஆனால் ஒன்றை மூடிக்கொண்டால்தான் அவர்களுக்கு உலகம் தெரியும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் நாஞ்சில் நாட்டு மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில், 1931-ஆம் வருஷம் மைக்ராஸ்கோப் வந்து இறங்கிய நாள் முதல், டாக்டர் ஜெபசீலன் இந்த வகையில் சேர்ந்தார்.

அதற்கு முன் அவர் நாக்கை நீட்டச் சொல்வார், நாடியைப் பிடிப்பார், என்ன சாப்பிட்டாய் என்று விசாரிப்பார். பிறகு? அதெல்லாம் கம்பவுண்டர் வேலையாகிவிட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்தால் சபையார் நேரே வீட்டுக்குப் போய்விட முடியாது. வரிசையில் நின்று குழலுக்குள் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும். உள்ளே இருப்பது, போன வருஷம் இருதய உறை அழற்சியில் இறந்துபோன ஒருவரின் உறையை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடிச் சில்லில் ஒட்டிய துணுக்கு. டாக்டர் பக்கத்தில் நின்று விளக்குவார்.

"உறையோட மேல்தோல் உயிரணுவெல்லாம் உதிர்ந்துபோச்சு, பாத்தீரா? அதுக்கு மேல நூல் நூலாப் படிஞ்சிருக்கே, ரத்தம் உறையும்போது வருமே, அந்த நாருதான். ஒட்டிக்கிட்ட ரெண்டு ஆப்பத்தைப் பிய்ச்ச மாதிரி இல்லியா? நடுவில கூட்டம் கூட்டமா வெள்ளணு. அடியில புது ரத்தக்குழல் முளைக்குது. அடடா!"

உபதேசியார் ஜான்ரோஸ் குனிந்து, தம் கண்ணிமை மயிரை மட்டும் பார்த்துவிட்டு, "கர்த்தருடைய கிரியை!" என்று உருகினார். டாக்டருக்கும் உருகத் தெரிந்தவர்களைத்தான் பிடிக்கும்.

அப்படியிருக்க, தோவாளைப் பூ வியாபாரி நாராயணபெருமாளை வண்டியில் கொண்டுவந்தார்கள். அதே நோய். உறைக்குள் நீர் கட்டி இருதயத்தை நெருக்க, மனிதர் படுக்க முடியாமல் தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தார். டாக்டருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நீள ஊசியைச் செருகினார். எவ்வளவு நீர் எடுத்தார்? இரண்டே சொட்டு! கண்ணாடிச் சில்லுக்கு அது தாராளம்.

"மிச்சத்தையும் எடுத்தா அவருக்கு மூச்சு விட எளுப்பமா இருக்குமே, டாக்டரே" என்றாள் நர்ஸ் எலிசா.

"பொறு எலிசா. என்ன அணுன்னு முதல்ல நான் பாக்கட்டும்."

பார்த்தார். சாயம் போட்டுப் பார்த்தார், அதைக் கழுவி வேறு சாயம் போட்டுப் பார்த்தார், படம் வரைந்தார், மத்தியானச் சாப்பாட்டை மறந்தார், பக்கத்து அறையில் மூச்சு இரைக்கிற சத்தம் இடைஞ்சலாக இருக்கிறதென்று கதவைச் சாத்தச் சொன்னார். சாத்திய கதவைத் தள்ளிக்கொண்டு நோயாளியின் மனைவி தாணம்மாள் வந்தாள்.

"இவிய உதடெல்லாம் நீலமா ஆயிட்டு வருது. வந்து பாருங்க, டாக்டரய்யா!"

"இப்பத்தான் நல்லாத் தெரியுது. கொஞ்சம் பொறும்மா" என்றார், குழலிலிருந்து தலையெடுக்காமலே.

மறுநாள் காலை நாராயணபெருமாள் இறந்துவிட்டார். டாக்டர் கண் கலங்கினார், அதில் பொய்யில்லை. கலங்கிய கையோடு, உறையில் நகத்தளவு வெட்டிக்கொள்ள அனுமதியும் கேட்டார்.

தாணம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "முழுசா இருந்தப்போ உம்ம கண்ணுல படாத மனுசன், இனி துண்டா எதுக்கு ஓய்?"

பிணத்தை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு அவளும் ஏறிக்கொண்டாள். எனக்கு இன்றும் ஜெபசீலன்மேல் ஆத்திரம் தீரவில்லை.

இந்த வகையினர் ஆஸ்பத்திரியில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நான் ஜெபசீலனை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டினேன். நீங்களும் ரசித்துச் சிரித்தீர்கள். தோவாளை வரைக்கும் அந்தப் பொம்பளைக்குத் துணையாக யார் போனார்கள் என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா? கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் பார்க்கவில்லை.