சிப்ஸ் வாசனை நிருபர்

கிரிக்கெட் நிருபர், நீதிமன்ற நிருபர், சினிமா நிருபர் என்று எத்தனையோ இனங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பயோடீசல் நிருபர் என்று ஓர் இனம் இருப்பது தெரியுமா? சாதாரண நாட்களில் அவரை அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டம். மற்றவர்களைப் போலவே காணாமல் போன நாய், பள்ளிக்கூட நீச்சல் போட்டி என்று எழுதிக்கொண்டிருப்பார். எங்கோ ஒருவர் கரும்புச் சக்கையிலிருந்தோ கடற்பாசியிலிருந்தோ கடைகளில் கொட்டும் பழைய எண்ணெயிலிருந்தோ எரிபொருள் எடுத்து வண்டி ஓட்டுகிறார் என்று காதில் விழட்டும், உடனே அவர் மூக்கு விழித்துக்கொள்ளும். ஆமாம், மூக்குதான். மற்ற நிருபர்கள் கண்ணாலும் காதாலும் செய்தி சேகரிப்பவர்கள். இவர் முகர்ந்து பார்ப்பவர்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரையில், கரும்புக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் எங்கள் பிண்டா கிரீக்கில் இந்த இனத்துக்கு ஒரே பிரதிநிதி க்ளைவ் பாட்டர்ஸ்பி. 'கொரியர்' பத்திரிகையில் இருபத்திரண்டு வருடம். தங்கமான மனிதர். யாருடைய பெயரையும் தப்பாக எழுதியதில்லை. விஷயத்தை மட்டும்தான் தப்பாக எழுதுவார். பயோடீசலைப் பற்றி அவரிடம் இரண்டே கட்டுரைகள் உண்டு. 'பெட்ரோலுக்கு டாட்டா!' என்பது அமைச்சர் வந்தால் போடுவது. சாப்பிடும் பயிரை வண்டிக்கு ஊற்றலாமா என்று கேட்கும் 'ரொட்டியா, காரா?' என்பது அமைச்சர் போன பிறகு போடுவது. நடுவில் ஏதாவது நடந்ததா என்ற ஆராய்ச்சிக்கு அவர் போவதில்லை. போனால் மூன்றாவதாக ஒரு கட்டுரை அல்லவா எழுத வேண்டிவரும்?

கரும்புச் சக்கை எரிபொருள் ஆலை என்று ஒன்று எங்கள் ஊருக்கு வருவதாக இருந்தது. வரலாம் என்று சொன்னபோது ஒரு முறை, வருமா என்று ஆராயக் குழு போட்டபோது ஒரு முறை, நிலம் பார்த்தபோது, மண்வெட்டியால் ஒரு கொத்து கொத்தியபோது, வெயிலில் வெளுத்த பெயர்ப்பலகைக்கு மறுபடி வர்ணம் அடித்தபோது என்று ஐந்து முறை க்ளைவ் அதைத் திறந்துவைத்துவிட்டார். ஐந்து முறையும் முந்நூறு பேருக்கு வேலை என்று எழுதினார். கூட்டினால் ஆயிரத்து ஐந்நூறு வேலை. எங்கள் ஊரில் கைக்குழந்தைகளையும் சேர்த்து எண்ணினாலே ஆயிரத்து நானூறு பேர்தான். அந்த நிலத்தில் இப்போது யாருடைய குதிரைகளோ மேய்கின்றன.

அப்படிப்பட்ட க்ளைவை ஒரு திங்கட்கிழமை காலையில் டோரின் கலேயா கூப்பிட்டனுப்பினார். டோரின் டீசல் மெக்கானிக். மால்டாவிலிருந்து கரும்பு வெட்ட வந்தவர்களின் பேத்தி. மீனும் உருளைக்கிழங்கு சிப்ஸும் பொரித்து விற்கும் கடைகளில் கறுத்துப்போன எண்ணெயை வாங்கி, தன் ஷெட்டில் சுத்தம் செய்து பயோடீசலாக்கி, கவுன்சிலின் குப்பை லாரிகள் ஆறில் இரண்டை ஓட்டிக்கொண்டிருந்தார். எந்த அமைச்சரும் வரவில்லை. யாரும் ரிப்பன் வெட்டவில்லை. அதனால் க்ளைவுக்கு அது கண்ணில் படவில்லை.

"க்ளைவ், நீ ஒண்ணே ஒண்ணு எழுதினாப் போதும்ப்பா," என்றார் டோரின், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே. "ரெண்டு லாரி, பதினோரு மாசம், ஒரு நாள்கூட நடு ரோட்டுல நிக்கல. வியாழக்கிழமை கவுன்சில்ல ஓட்டெடுப்பு. ஆறு லாரிக்கும் என் எண்ணெய்னு முடிவாச்சுன்னா இந்த ஷெட்டு பொழைச்சுக்கும். இல்லேன்னா பூட்டிட்டுப் போக வேண்டியதுதான். அந்த மெம்பருங்க வேற ஒண்ணும் படிக்க மாட்டாங்க, உன் பேப்பரைத்தான் படிப்பாங்க."

க்ளைவின் நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. இந்தப் பெண்மணிக்காக ஒரு நல்ல கட்டுரை எழுதியே தீருவது என்று அந்தக் கணத்தில் உண்மையாகவே தீர்மானித்தார். நோட்டைப் பிரித்தார். பேனா மூடியைக் கழற்றினார். பிறகு அந்த இனத்தின் முதல் கேள்வி அவரைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டது.

"வண்டி போறப்ப சிப்ஸ் வாசனை வருமா?"

"வராது."

"கொஞ்சம்கூடவா?"

"அதான் சுத்தம் பண்ணிடறோமே. வராது."

"சரி, நல்ல பசியில இருக்கிற ஆளு லாரி பின்னாடி நின்னா?"

"குப்பை லாரிய்யா அது! அது பின்னாடி நின்னா பசி எங்கேர்ந்து வரும்?"

க்ளைவ் 'பசி' என்று குறித்துக்கொண்டார். அடுத்தது, இதைக் குடிக்கலாமா என்ற கேள்வி. "நீ குடி, நான் ஆம்புலன்சுக்குச் சொல்றேன்," என்றார் டோரின். அடுத்தது புகைப்படம். எரிபொருளை ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றி, சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்து, அதை ஆச்சரியமாகப் பார்க்க வேண்டும். பயோடீசல் கட்டுரைக்கு வேறு படம் கிடையாது. உலகம் பூராவும் இதே வழக்கம்தான். டோரின் தன் தொட்டியிலிருந்து ஒரு ஜாடி பிடித்துக் கொடுத்தார். க்ளைவ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கலர் பத்தலையே, டோரின். கொஞ்சம் இரு, என்கிட்ட நல்லதா ஒண்ணு இருக்கு."

காரிலிருந்து அவர் எடுத்துவந்தது ஆப்பிள் ஜூஸ். ஐந்து ஆலைத் திறப்புகளிலும் பொன்னாக மின்னியது அதுதான். அசலை ஓரமாக வைத்துவிட்டு டோரின் ஆப்பிள் ஜூஸை ஆச்சரியமாகப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது வேறு ஆச்சரியம். படத்தில் அது தெரியாது.

இத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆனால் நல்ல நிருபர் என்றால் மறுபக்கத்தையும் கேட்க வேண்டும் அல்லவா? மறுபக்கம் இல்லாவிட்டால்? உண்டாக்க வேண்டும். க்ளைவ் நேரே மீன் கடை மனோலியிடம் போனார்.

"மனோலி, எண்ணெயெல்லாம் லாரிக்குப் போனா சிப்ஸ் விலை ஏறுமா?"

"ஏன் ஏறணும்? நான் கீழே கொட்டறதைத்தானே அந்தம்மா எடுத்துட்டுப் போகுது."

"என்னைக்குமே ஏறாதுன்னு உறுதியாச் சொல்லுவியா?"

"அதெப்படிய்யா சொல்ல முடியும்? நாளைக்கு உருளைக்கிழங்கு விலை ஏறினா நான் என்ன பண்றது?"

செவ்வாய்க்கிழமை 'கொரியரில்' முதல் பக்கம், எட்டுப் பத்தித் தலைப்பு: 'சிப்ஸ் விலை ஏறுமா? கடைக்காரர் மறுக்கவில்லை!'

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீனும், விரல் தடிமனுக்கு நறுக்கிப் பொரித்த சூடான சிப்ஸும் காகிதப் பொட்டலமாகக் கையில் இல்லாவிட்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு வாரம் முடிந்ததாகவே அர்த்தமில்லை. வழக்கமாக ஏழு உறுப்பினர்களும் நாலைந்து ஈக்களும் இருக்கும் கவுன்சில் கூடத்தில் வியாழக்கிழமை காலை நூறு பேர். 'எங்கள் சிப்ஸில் கை வைக்காதே' என்று அட்டை பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட ஆசிரியைகள் இருவர். முன்வரிசையில், துவைத்துத் தேய்த்த மேலங்கியில், முகம் வெளிறிப்போய் டோரின். பின்னால் சுவரோரம் க்ளைவ். தன் எழுத்துக்கு இவ்வளவு கூட்டமா என்று அவருக்குக் கண் கலங்கியது. டோரினுக்கு நல்லது செய்துவிட்டோம் என்றே நினைத்தார் பாவம்.

கரும்பு வெட்டும் இயந்திரம் ஓட்டும் பெரிய ஆள் ஒருவர் எழுந்தார். "வாரம் பூரா வெயில்ல வேகறோம். வெள்ளிக்கிழமை ஒரு வாய் நிம்மதியாத் திங்கறது பொறுக்கலையா உங்களுக்கு?"

கைதட்டல். மேயர் மணியை அடித்தார். டோரின் எழுந்து நின்றார்.

"ஐயா, நீங்க தின்னு முடிச்சப்புறம்தான் அந்த எண்ணெய் என்கிட்ட வருது. உங்க சிப்ஸை நான் ஏன் தொடப்போறேன்? நீங்க அதிகமாத் தின்னாத்தான் எனக்கு அதிக எண்ணெய்!"

பெரிய ஆள் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அப்போ, நாங்க சிப்ஸ் தின்னாத்தான் ஊர்க் குப்பையை அள்ள முடியும்கறீங்க?"

"அப்படியும் வச்சுக்கலாம்."

"அடடா, இத்தனை நாளா இது தெரியாம ஒரே ஒரு பொட்டலத்தோட நிறுத்திட்டேனே!"

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. ஆசிரியைகள் அட்டையை மடக்கி விசிறிக்கொண்டார்கள். வாக்கெடுப்பில் ஆதரவு ஆறு, எதிர்ப்பு ஒன்று. எதிர்த்தவர், சாப்பாட்டில் எண்ணெயை நிறுத்தும்படி மருத்துவர் சொல்லியிருந்த மனிதர். அவர் மனவருத்தம் அவருக்கு. டோரின் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

வெளியே வந்ததும் க்ளைவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்பவாவது எழுதுப்பா. ரெண்டு லாரி, பதினோரு மாசம். இனிமே ஆறும்."

"கண்டிப்பா, டோரின். ஒரு வார்த்தை விடாம எழுதறேன்." மனதாரத்தான் சொன்னார்.

மறுநாள் வந்த தலைப்பு: 'சிப்ஸ் விலை ஏறாது! மக்கள் நிம்மதிப் பெருமூச்சு!' கட்டுரை முழுவதிலும் லாரி என்ற சொல் ஒரே ஒரு இடத்தில் வந்திருந்தது. கூட்டத்துக்கு வந்தவர்கள் லாரிகளைக் குறுக்கே நிறுத்தியதால் போக்குவரத்து தடைப்பட்டதாம். டோரின் போன் செய்தார்.

"க்ளைவ், என் லாரிங்க எங்கப்பா?"

"அதுதான் ஒழுங்கா ஓடுதே, டோரின்! அதுல என்ன செய்தி இருக்கு? ஒண்ணாவது நடு ரோட்டுல நின்னுதுன்னா சொல்லு, முதல் பக்கத்துல போட்டுடறேன்."

டோரின் கோபித்துக்கொள்ளவில்லை; சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். நீங்களும் க்ளைவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்றைக்குச் சாப்பிட உட்காரும்போது வீட்டில் யாரிடமாவது இந்த விஷயத்தைச் சொல்லத்தான் போகிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். முதல் வாக்கியத்தை மட்டும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். "ஆஸ்திரேலியாவுல ஒரு ஊர்ல குப்பை லாரி போனா சிப்ஸ் வாசனை வருதாம்" என்று அது ஆரம்பித்தால், தயங்காமல் 'கொரியருக்கு' ஒரு விண்ணப்பம் போடுங்கள். க்ளைவ் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார்.