மாவண்ணையின் ஐந்தாவது கியர்

அன்றைக்கு அந்த மோட்டார் சைக்கிள் ட்ராக்கில் எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையின் சார்பில் நின்றவர்கள் இவ்வளவு பேர்தான்: மாவண்ணை, அவருடைய மனைவி ராணி அக்கா, ஐந்தாம் மாடி ஷர்மி, இரண்டாம் மாடி டீச்சரம்மா, கையில் பிளாஸ்டர் பெட்டியோடு நான். அதோடு இரண்டு வெறும் வாளிகள். வாளியையும் ஆள்கணக்கில் சேர்ப்பதா என்று கேட்பீர்கள். மாவண்ணையைத் தெரிந்திருந்தால் கேட்க மாட்டீர்கள்.

உலகத்திலேயே மெதுவாக மோட்டார் சைக்கிள் ஓடிய மனிதர் அவர்தான். எங்கள் பெருந்தெருவான காலி வீதியில் அவரை பஸ் முந்தும், ஆட்டோ முந்தும், மருந்துக் கடைக்கு நடந்து போகிற கிழவர் முந்துவார். ஒருநாள் கோயில் ஊர்வலம் ஒன்று, நாதஸ்வரக்காரர் நின்று நின்று வாசித்துக்கொண்டே, அவரைத் தாண்டிப் போனதைக் கண்ணால் கண்டவன் நான். ஆனால் அவரில் பிழை இல்லை. மோட்டார் சைக்கிளின் பின்னால் இரண்டு பக்கமும் தொங்குவது வாளி நிறையத் தோசைமா. வேகம் எடுத்தால் மா தெருவில் கிடக்கும், வீட்டில் ராணி அக்கா காத்துக்கொண்டிருப்பார்.

ஒழுங்கைக்குள் வந்ததும் ஹோர்ன் அடிப்பார். ஒரு குட்டை ஹோர்ன் என்றால் தோசைமா. இரண்டு என்றால் அப்ப மா. ஒரே நீளமாக அடித்தால் மாதக் கணக்கைக் கட்டச் சொல்கிறார். குட்டைக்கு மாடிகளிலிருந்து கயிற்றில் கூடைகள் இறங்கும். நீளத்துக்கு யன்னல்கள் சாத்துப்படும்.

எல்லாவற்றையும் தொடங்கி வைத்தவள் ஷர்மி. வங்கியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை என்றால் பெரிய மோட்டார் சைக்கிள். ஒருநாள் மா வாங்க இறங்கி வந்தவளிடம் மாவண்ணை கேட்டார்.

"பிள்ளை, உம்மட சைக்கிளில எத்தினை கியர்?"

"ஆறு, அண்ணை."

"ஆறையும் போடுறனீரோ?"

"ரோட்டில எங்க போடுறது? ட்ராக்கில போடுவன்."

மாவண்ணை அகப்பையை வாளிக்குள்ளேயே விட்டுவிட்டார். "என்ர அஞ்சு. இருபத்திரண்டு வருசமா மூண்டுதான் பாவிச்சனான். அஞ்சுக்கும் காசு குடுத்தெல்லே வாங்கினது? மிச்சம் ரெண்டும் வேலை செய்யுதோ எண்டுகூடத் தெரியாது."

ட்ராக் டே என்றால் என்ன என்று அவள் விளங்கப்படுத்தினாள். போட்டி இல்லை. காசு கட்டினால் ஆரும் ஓடலாம். எல்லோரும் ஒரே பக்கம்தான் போவார்கள். எதிரே பஸ் வராது, பொலிஸ் நிற்காது, நாய் குறுக்கே பாயாது.

"நாயும் வராதோ?" என்றார் மாவண்ணை, சொர்க்கத்தைப் பற்றிக் கேட்பவர் போல.

அடுத்த கிழமையே பெயர் கொடுத்தாயிற்று. அன்றிலிருந்து எனக்கு நித்திரை போயிற்று. ஒழுங்கை முகப்பில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பயப்படுகிற பாடத்தில் மட்டும் இன்றைக்கும் முதலாம் பிள்ளை. அதனால்தான் ராணி அக்கா என்னைப் பிடித்தார். "நீ கூடப் போ தம்பி. இந்த மனுசனுக்குப் பயம் இல்லை. ரெண்டு பேருக்கும் சேத்து நீ பயப்படு."

முதல் பயிற்சி ஒரு ஞாயிறு விடிய, கடலோர மரைன் ட்ரைவில். வாளிகளைக் கழற்றிவிட்டு ஏறினார். சைக்கிளின் முன்சில்லு சாமி வந்ததுபோல் ஆடியது. மதிலோரம் காலை ஊன்றி நிறுத்திவிட்டு, வெளிறிப்போய்ச் சொன்னார்: "பின்னுக்குப் பாரம் இல்லாட்டி ஓட வராது போலக் கிடக்கு தம்பி."

ட்ராக்கில் வாளி கொண்டுபோக விடமாட்டார்கள் என்றாள் ஷர்மி. மாவண்ணையின் முகம் புளிக்காத மா மாதிரி அப்படியே அமுங்கிவிட்டது. எனக்கு உள்ளூரச் சந்தோசம். இதோடு விசயம் முடிந்தது, வீட்டுக்குப் போய் நித்திரை கொள்ளலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. என்னுடைய வாய்தான் சொன்னது: "அண்ணை, வாளியில தண்ணி நிரப்பி ஓடுங்கோ. ஒவ்வொரு நாளும் ஒரு செம்பு குறைப்பம்."

அப்படியே செய்தார். தினமும் விடிய, மா வியாபாரத்துக்கு முன்னால், தண்ணீர் வாளிகளோடு ஒரு சுற்று. ஒருநாள் பழக்கதோசத்தில் ஒழுங்கைக்குள் திரும்பி ஹோர்னையும் அடித்துவிட்டார். இரண்டாம் மாடியிலிருந்து கூடை இறங்கியது. கூடைக்குள் இருந்த பாத்திரத்துக்குள் அகப்பை அகப்பையாகத் தண்ணீரை ஊற்றி அனுப்பிவிட்டு இவர் போய்விட்டார். டீச்சரம்மாவின் குரல் தெரு முழுக்கக் கேட்டது. "இவ்வளவு காலமும் மாவுக்க தண்ணி விட்டார், பேசாமல் இருந்தனான். இண்டைக்குத் தண்ணிக்க மாவே விடேல்லை!"

சமாதானம் சொல்லப் போன இடத்தில் ட்ராக் கதை வெளியே வந்தது. ட்ராக்குக்குப் போகப் பிடிக்கிற வேனில் ஒரு இருக்கை காலியாக இருந்தால் தானும் வருவதாகச் சொன்னார் டீச்சரம்மா.

ஒருநாள் வாளிகள் முற்றாக வெறுமையாயின. சைக்கிள் ஆடவில்லை. மாவண்ணை வாளிகளைத் தடவிக் கொடுத்தார்.

ட்ராக்குக்கு முதல்நாள் என்னுடைய கடை வாசலில் சைக்கிளை ஆயத்தப்படுத்தினோம். சைட் கண்ணாடிகளைக் கழற்றவேண்டும், விளக்குகளை டேப்பால் மூடி ஒட்டவேண்டும். அவருக்கு அது பிடிக்கவில்லை. "சிக்னலையும் மூடினா நான் திரும்பிறது பின்னுக்கு வாறவனுக்கு எப்பிடித் தெரியும்?"

"எல்லாரும் அதே பக்கம்தானே அண்ணை திரும்பப்போகினம்!" என்றாள் ஷர்மி.

"எண்டாலும் சொல்லாமல் திரும்பிறது மரியாதை இல்லை, பிள்ளை."

மறுநாள் சைக்கிள் சின்ன லொறியிலும், ஷர்மி தன்னுடையதிலும், மற்றவர்கள் வேனிலுமாகப் போய்ச் சேர்ந்தோம். அங்கே கையெழுத்து வைக்க ஒரு ஆங்கிலக் கடுதாசி தந்தார்கள். ஷர்மியை வாசித்துச் சொல்லச் சொன்னேன். செத்தால் நாங்கள் பொறுப்பில்லை என்ற இடத்தில் நான் வேனுக்குத் திரும்பினேன். டீச்சரம்மா சட்டைக் கொலரில் பிடித்து இழுத்து வந்தார்.

இரவல் வாங்கிய தோல் உடுப்புக்குள் மாவண்ணையைப் புகுத்த ராணி அக்காவும் நானும் ஒரு டின் பவுடர் கொட்டினோம். உள்ளே போனவருக்குக் குனிய முடியவில்லை. குனிந்த பிறகு நிமிர முடியவில்லை.

சைக்கிளைப் பரிசோதித்த சிங்களப் பொடியன் சீற்றுக்கு அடியில் வெள்ளையாக, கல்லு மாதிரி ஏதோ இருப்பதைக் கண்டான். "அங்கிள், மே மொகக்த?" இது என்ன என்று கேட்டான்.

"தோசே," என்றார் மாவண்ணை அடக்கமாக.

ஸ்க்ரூ ட்ரைவரால் கிண்டிப் பார்த்தான். அசையவில்லை. கூட்டாளியைக் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்தே விட்டுவிட்டார்கள். ஹோர்னைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

வாளிகளை நாங்கள் நின்ற மதிலோரம் வைக்கச் சொன்னார் மாவண்ணை. "ஒவ்வொரு சுத்துக்கும் கண்ணில படட்டும்." பிறகு ராணி அக்காவைப் பார்த்தார். "அஞ்சு விழுந்தா நீளமா ஒரு ஹோர்ன் அடிப்பன்."

"நீங்கள் விழுந்தா வீட்டை வரவேண்டாம்," என்றார் ராணி அக்கா. "பின்னேரம் உழுந்து ஆட்டக் கிடக்கு." சொல்லிக்கொண்டே ஹெல்மெட் வாரை மூன்று முறை இழுத்துப் பார்த்தார்.

ஓடக் கிடைத்தது இருபது நிமிடம். முன்னால் ஷர்மி போனாள், பின்னால் மாவண்ணை. சைக்கிள் புறப்பட்டதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். நடந்ததெல்லாம் டீச்சரம்மா வாயால்தான் தெரியும்.

"வளைவு வருது... ஐயோ, கையைக் காட்டிறார்! இடப்பக்கம் திரும்பப் போறன் எண்டு கையைக் காட்டிறார்!"

ஒவ்வொரு வளைவிலும் காட்டினார். பின்னால் வந்தவர்களும் அவருக்குப் பதிலுக்குக் கையைக் காட்டிக் காட்டியே முந்திப் போனார்களாம்.

மூன்றாம் கியரின் சத்தம் எங்கள் ஒழுங்கையில் குழந்தைக்கும் தெரியும். முதல் சுற்றிலும் அதே சத்தம், அடுத்ததிலும் அதே சத்தம். "மூண்டிலயேதான் நிக்குது," என்றார் ராணி அக்கா மெதுவாக. பிறகு ஒரு சுற்றில் நேர்ப்பாதையில் சத்தம் சட்டென்று இறங்கி மறுபடி ஏறியது. "நாலு!" ராணி அக்காவின் நகங்கள் என் கையில் இறங்கின. பிளாஸ்டர் பெட்டி முதன்முதலாக எனக்குத்தான் உதவியது.

கடைசிச் சுற்று என்று கொடி காட்டினார்கள். ஹோர்ன் இல்லை. எனக்கு ஒரு புதுப் பயம் வந்தது. அவர் விழுந்துவிடுவார் என்று பல கிழமையாகப் பயந்தவனுக்கு, ஐந்து விழாமலே திரும்பி வந்துவிடுவாரோ என்ற பயம். கண்ணைத் திறந்தேன்.

தூரத்தில் ஒரு புள்ளி. தலை குனிந்து, பெற்றோல் தொட்டியில் நாடியை வைத்துக்கொண்டு வருகிறார். நான் அவரை அந்த வேகத்தில் ஒருநாளும் கண்டதில்லை. எங்களுக்கு நேரே வரும்போது அது கேட்டது. நீள ஹோர்ன். எங்களைத் தாண்டி, வாளிகளைத் தாண்டி, அந்த வளைவு வரைக்கும் விடாமல் அடித்தார். வளைவு வந்ததும் ஹோர்னை விட்டுவிட்டுக் கையைக் காட்டினார்.

டீச்சரம்மா பழக்கதோசத்தில் பேர்ஸைத் திறந்துவிட்டார். ராணி அக்கா ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு துள்ளினார்.

ஹெல்மெட் கழன்றதும் மாவண்ணை சொன்னது இதுதான்: "ராணி, அஞ்சும் வேலை செய்யுது."

அடுத்த நாள் விடிய வழக்கம்போல இரண்டு வாளி, மூன்றாம் கியர். ஆனால் அந்த நீள ஹோர்னை மட்டும் ஒழுங்கைக்குள் அவர் பிறகு அடிக்கவேயில்லை. கேட்டால், "அது அஞ்சுக்கு எண்டு எடுத்து வைச்சிருக்கிறன்," என்பார். யன்னல் சாத்திய எங்கள் ஆட்களே மாதம் முடிய இறங்கி வந்து தாங்களாகக் காசு கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நான் மட்டும் கொடுக்கவில்லை.

"தம்பி, உம்மட கணக்கு?"

"ஹோர்ன் அடியுங்கோ அண்ணை, தாறன்."

"அதுக்கு அஞ்சு போடோணுமே."

"அப்ப அடுத்த முறை ட்ராக்கில வைச்சுத் தாறன். அந்த முறை கண்ணை மூட மாட்டன்."

மாவண்ணைக்கு நான் இன்றைக்கு வரைக்கும் கொடுக்கவேண்டியது: இரண்டாயிரத்து எழுநூற்று அறுபது ரூபாய்.