சீதன வீட்டில் நான் குடிவைத்த பேய்கள்

கதையொன்றில் ஒரு வீட்டை வைக்க விரும்புகிறவன், அந்த வீட்டில் கலியாணம் பேசும் வயதில் பெண்பிள்ளை உண்டா என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். இலக்கணம் வகுத்த பெரியோர் எவரும் இவ்விதியைக் கூறிச் சென்றதாக நான் அறியேன். ஆகவே அதனைக் கண்டுபிடிக்கும் பாக்கியம் எனக்கே வாய்த்தது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில ஆண்டுகள் முந்திய காலம். யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு புடவைக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். அது வயிற்றுக்கு. மற்றைய நேரமெல்லாம் கதை எழுதினேன். பட்டினத்து வாரப் பத்திரிகையொன்றில், ஒரே இதழில், மூன்று தொடர்கதைகள் என்னுடையவை. துப்பறியும் கதைக்கு ஒரு பெயர், குடும்பக் கதைக்கு ஓர் அம்மையாரின் பெயர், பேய்க்கதைக்குக் 'கூகைக்கண்ணன்'. (மூவருக்கும் வந்த பாராட்டை நான் ஒருவனே தாங்கவேண்டியிருந்தது. தாங்கினேன்.) அச்சுக்கோப்பவர் வாசலில் நின்று கையை நீட்டுவார், மை காயுமுன் தாளைக் கொடுப்பேன். திருத்தி எழுதுவது ஆற்றல் குறைந்தோர் செயல் என்பது அக்காலத்தில் என் துணிபு.

அவ்வேகத்தில் வீடுகளைக் கற்பனை செய்ய அவகாசம் ஏது? ஒருநாள் பண்டத்தரிப்புப் பக்கம் போகையில் சைக்கிள் ரியூப்பில் காற்றுப் போயிற்று. கடைக்காரன் அதை ஒட்டித் தரும்வரை எதிரே இருந்த வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தெருவாசலில் நீலப் படலை, ஓட்டுக்கூரையின் மேல் கழுத்து முறிந்த ஒரு தகரச் சேவல், கிணற்றின்மேல் சாய்ந்து வளர்ந்த தென்னை. என்னிடம் ஏழு பேய்கள் இருந்தன, வீடுதான் இல்லாதிருந்தது. அடுத்த இதழிலேயே ஏழு பேய்களையும் அங்கே குடியேற்றினேன். படலையின் நிறத்தையும், சேவலின் கழுத்தையும், தென்னையின் சாய்வையும் விடாது எழுதினேன். ஊரின் பெயரைக்கூட மாற்றவில்லை. நுணுக்கமே இலக்கியத்தின் உயிர் என்று எங்கோ வாசித்திருந்தேன்.

கதை நடுவழியில் நிற்கையில் எனக்குச் சம்பந்தம் பேசினார்கள். பெண்ணின் பெயர் பூரணம். கோவிலில் பூசை வேளையில் ஒரு தூணோரம் நின்று பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஏதோ தீர்மானித்தவள்போல் விபூதியைப் பூசிக்கொண்டாள். அன்றுமுதல் என் குடும்பக் கதையின் நாயகிக்கு முகம் மாறிவிட்டது. இந்தப் பெண் கிடையாவிடின் சன்னியாசமே கதி என்று பெரியப்பாவிடம் அறிவித்தேன். ("சன்னியாசத்துக்கும் சைக்கிள் கொண்டு போவியோ?" என்றார் அவர்.)

எங்கள் பகுதியில் பெண்ணுக்கு வீடு சீதனமாக வரும். மாப்பிள்ளை அங்கே போய் வாழ்வான். ஆகவே பெண்ணைப் பார்த்தபின் வீட்டையும் பார்த்தாக வேண்டும். கலியாணப் புறோக்கர் என்னைக் கணக்கப்பிள்ளை என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார். கதை எழுதுகிறவனுக்குப் பெண் கொடுப்பார் எவருமில்லை என்பது அவருடைய தொழில் அனுபவம். வீடு பண்டத்தரிப்பில் என்றபோதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அங்கே எத்தனையோ வீடுகள்!

ஒரு காலைப்பொழுதில் பெரியப்பாவும் நானும் வாடகைக் காரில் போய் இறங்கினோம். எதிரே நீலப் படலை. நிமிர்ந்தேன், கழுத்து முறிந்த சேவல். என் நெஞ்சில் முதலில் எழுந்தது வெட்கமன்று, பேய்ப்பயம். அவ்வளவு திறமாக எழுதியிருந்தேன்.

பெண்ணின் தகப்பனார் வைத்திலிங்கத்தார், வீட்டோடு சேர்ந்தாற்போல் ஒரு சுருட்டுக் கொட்டில் நடத்தியவர். சுருட்டுச் சுற்றுகிறவர்கள் வேலையோடு வேலையாகக் கேட்டிருக்க, ஒருவர் உரத்த குரலில் பத்திரிகை வாசிப்பது அக்காலக் கொட்டில்களின் வழக்கம். நாங்கள் போனபோதும் யாரோ வாசித்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா நேரே கிணற்றடிக்குப் போனார். நல்ல தண்ணீரா, உவரா என்று குடித்துப் பாராமல் அவர் எந்தச் சம்பந்தத்துக்கும் தலையசைத்ததில்லை. நான் தனியே அகப்பட்டேன்.

"தம்பி, ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்லை," என்றார் வைத்திலிங்கத்தார். "இந்த வீட்டிலை பேய் இருக்கெண்டு ஊர் கதைக்குது. வேறை ஆக்கள் சொல்ல முந்தி நானே சொல்லிப்போடுறன்."

"பேயோ?" என்றேன். குரல் குடும்பக் கதை எழுதும் அம்மையாருடையதுபோல் வெளிவந்தது.

"ஒண்டில்லை, ஏழு! கூகைக்கண்ணன் எண்டு ஒரு அறுவான் பேப்பரிலை எழுதினவன். என்ரை காசிலை பேப்பர் வாங்கி, என்ரை கொட்டிலிலை வாசிப்பிச்சு, என்ரை வீட்டுக்கு நானே பேய் கூப்பிட்டனான். இப்ப பொழுதுசாய முந்தி வேலையாக்கள் எழும்பி ஓடுறாங்கள். தண்ணி அள்ள வந்த சனமும் நிண்டுட்டுது. பிள்ளைக்கு வந்த ரெண்டு சம்பந்தம் படலையோடை திரும்பிப் போச்சுது. அந்தக் கூகைக்கண்ணனை நான் ஒருக்கா நேரிலை காணவேணும்!"

இக்கடைசி வசனம் முடியும் தறுவாயில், வாயைச் சால்வையால் துடைத்தபடி பெரியப்பா வந்து சேர்ந்தார்.

"தண்ணி கற்கண்டு!" என்றார். "என்ன, கூகைக்கண்ணனைக் காணவேணுமோ? அதுக்கேன் கவலைப்படுறியள்? உங்களுக்கு முன்னாலை இருக்கிறான்! எங்கடை பெடியன்தான் அவன்! இவன்ரை கதைக்குப் பட்டினமே அடிபடுது!"

கொட்டிலில் வாசிப்பு நின்றது. வேலிக்கு மேலே தலைகள் எழுந்தன.

"நீயோ?" என்றார் வைத்திலிங்கத்தார். 'தம்பி' போய்விட்டது.

"ஓம்."

"எடு. வைச்சனியெல்லே? வாற கிழமையே ஏழையும் எடு."

புத்தியுள்ளவன் காலில் விழுந்திருப்பான். நானோ எழுத்தாளன். "ஐயா, ஏழு பேய்களை ஒரே இதழில் அகற்றுவது கதையின் கட்டுக்கோப்புக்குப் பொருந்தாது. இரண்டு மாதமாவது வேண்டும்," என்று விளக்கினேன்.

பெரியப்பா தலையில் கைவைத்தார். "எடன்டா மோனை! ரெண்டையெண்டாலும் எடன்!"

வைத்திலிங்கத்தார் படலையைச் சுட்டிக்காட்டினார். எழுந்தேன். பூரணமும் போயிற்று, வாழ்வும் போயிற்று என்று எண்ணியபடி செருப்பைத் தேடினேன். அப்போது உள்ளேயிருந்து பூரணத்தின் குரல் வந்தது.

"ஐயா, அவரைப் போகவிடாதேங்கோ. போனா இன்னும் ரெண்டைக் கொண்டந்து வைப்பார்."

"என்னை என்ன செய்யச் சொல்லுறாய், பிள்ளை?"

"பேய் இல்லையெண்டு இனி அவர் எழுதினா ஆர் நம்பப்போகினம்? எழுதினவரே இஞ்சை வந்து இருந்து, உந்தக் கிணத்திலை நாளாந்தம் குளிச்சுக் காட்டட்டும். அப்ப சனம் நம்பும்."

வேலிக்கு மேலிருந்து ஒரு தலை சொல்லிற்று: "பிள்ளை சொல்லுறது நியாயம், முதலாளி! வைச்சவரே இருக்கட்டும்!"

வைத்திலிங்கத்தார் சுருட்டைப் பற்றவைத்து, நெடுநேரம் புகைவிட்டு, தீர்ப்புச் சொல்லும் நீதவானைப்போல் என்னைப் பார்த்தார். "சரி. ஆவணியிலை கலியாணம்."

குற்றத்துக்குத் தண்டனையாகக் கலியாணம் விதிக்கப்பட்டவன் இக்குடாநாட்டிலே நான் ஒருவனாகவே இருத்தல் கூடும். மாமனாரின் கட்டளைப்படி, கொட்டில் ஆட்கள் வந்து சேர்ந்தபின், அவர்கள் காணவே நான் குளிக்கவேண்டும். தேவாரத்தை உரத்துப் பாடினேன். என் பக்தியை ஊர் வியந்தது. (அது பக்தியன்று, பேய்ப்பயத்தை மறைக்க வேறு வழியில்லை.) கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க எனக்குத் துணிவில்லாதபடியால் தண்ணீரைப் பூரணமே அள்ளி ஊற்றினாள். மாரி பிறக்குமுன் தண்ணீர் அள்ளும் சனம் திரும்பி வந்தது. கொட்டிலில் விளக்கு வைத்தும் வேலை நடந்தது. அதன்பின் நான் எழுதிக் குவித்த கதைகளிலெல்லாம் கொலையும் பேயும் கொழும்பிலேயே நிகழ்ந்தன. அங்கே எனக்கு உறவுமில்லை, சம்பந்தமுமில்லை.

காலம் சென்று எங்கள் மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தபோது, அதே வீட்டைச் சீதனமாகக் கொடுப்பதாக இருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் சிரித்துக்கொண்டே, "வீட்டோடை அந்த ஏழும் வருமோ?" என்று கேட்டுவிட்டார். தகுந்த மறுமொழியொன்றை நான் மனத்தில் கட்டிக்கொண்டிருக்கையில் பூரணம் முந்திக்கொண்டாள்.

"வீடு என்ரை சீதனம், அதைப் பிள்ளைக்குக் குடுக்கிறன். பேயள் இவர் கலியாணத்துக்கு முந்தித் தேடின சொத்து. அதிலை எனக்கும் பங்கில்லை, பிள்ளைக்கும் பங்கில்லை. இவர் எங்கையோ, அதுகளும் அங்கை."

சபையிலிருந்த வழக்கறிஞர், ஊர்ப் பிரக்கிராசியார், எங்கள் தேசவழமைச் சட்டப்படி அது முற்றிலும் சரி என்று கூறிவிட்டார். அன்று தொடங்கியதுதான். இன்றும் நான் சந்திக்கடைக்குப் புறப்பட்டாலே போதும், வீட்டிலிருந்து ஒரு குரல் எழும்: "அப்பா வெளிக்கிடுறார்! எட்டுப் பேருக்கும் செருப்பு எடுத்து வையுங்கோ!"

பேய்களுக்குப் பாதமில்லை என்று, அத்துறையில் அதிகாரமுடையவன் என்ற முறையில், பலமுறை எடுத்துரைத்துவிட்டேன். ஒருவரும் கேட்பதாயில்லை.