நொட்டை சாரின் ஏழாவது கேள்வி

டெக்சாஸில் சூரியன் உதிப்பதில்கூடக் குற்றம் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் நொட்டை சார்தான். இர்விங் ஆபீஸில் நாங்கள் எழுதும் புரோகிராம்களைப் படித்துத் தப்பு சொல்வது அவர் வேலை. வேலையோடு விட்டாரா? ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் பாட்லக் விருந்தில் சாம்பாரை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "பெருங்காயம் லேட்டா போட்டிருக்கீங்க" என்பார். தன் மகள் கல்யாணப் பத்திரிகையை அச்சான பிறகு படித்து, ஒவ்வொன்றிலும் சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுத்த மகானுபாவர்.

மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் முடிந்து, ஏழு மாத லீவுக்குப் பிறகு, தலையில் ஸ்கார்ஃபுடன் வேலைக்குத் திரும்பினேன். எல்லோரும் தேனொழுகப் பேசினார்கள். ஒருத்தி மஞ்சள் தூள் கொண்டுவந்தாள், இன்னொருத்தி அருகம்புல் ஜூஸ். மேனேஜர், "நீங்க ஸ்ட்ரெய்ன் பண்ணிக்காதீங்க, ப்ளீஸ்" என்றார். வேலையை மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

நானாகவே சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி, சரிபார்க்கச் சொல்லி டீமில் மற்றவர்களுக்கு அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் ஓகே, கூடவே ஒரு சிவப்பு இதயம். சந்தேகம் வந்து, அடுத்ததில் வேண்டுமென்றே ஒரு மகா மட்டமான தப்பைச் செருகினேன். அதற்கும் ஓகே, இரண்டு இதயம். ரெஸ்ட்ரூமுக்குப் போய் அழுதேன். கீமோ நாட்களில்கூட அப்படி அழுததில்லை. இவர்கள் என்னை ஆளாகவே மதிக்கவில்லையே!

முகம் கழுவிக்கொண்டு, அதே புரோகிராமை நொட்டை சாருக்கு அனுப்பினேன். மதியத்துக்குள் முப்பத்திரண்டு கேள்விகள் வந்தன. பின்னாலேயே அவரும் வந்தார்.

"ஏம்மா, இதை நீயா எழுதின? எட்டாவது வரியில இவ்ளோ பெரிய ஓட்டை!"

"சார், எனக்கு உடம்பு..."

"உடம்புக்குத்தானே வந்துச்சு? லாஜிக்குக்கு என்ன வந்துச்சு?"

பக்கத்து சீட்காரி பதறிப்போனாள். எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிரிக்காத. லீவுக்கு முன்னாடி ஒரு புரோகிராம் அனுப்பினியே, அதுல என்னோட ஏழாவது கேள்விக்குப் பதில் எங்க?"

தேடிப் பார்த்தேன். அந்தப் புரோகிராம் முடிக்கப்படாமல் அப்படியே காத்திருந்தது. வேறு யாரிடமாவது கொடுத்து முடித்துவிடலாமே என்று அதன் கீழே மேனேஜர் மூன்று முறை எழுதியிருந்தார். மூன்று முறையும் நொட்டை சாரின் பதில் ஒன்றேதான்: "வேண்டாம். அவ வந்து சொல்லுவா."

முதல் பதில், எனக்கு ஆபரேஷன் நடந்த அன்று எழுதியது.

அன்று சாயங்காலமே ஏழாவது கேள்விக்குப் பதில் எழுதிவிட்டேன். மறுநாள் அதிலும் நாலு தப்பு சொல்லியிருந்தார். அந்த மனுஷர் நூறு வயது இருந்து, என்னை நொட்டை சொல்லிக்கொண்டே இருக்கட்டும்.