தனியார் பங்கு

மன்னார்த் தீவில் யாருக்கும் வழிவிடாத பிறவிகள் இரண்டு. ஒன்று, நடுத்தெருவில் நின்று பஸ்ஸை மறிக்கும் கழுதை. மற்றது எங்கள் ஏலத்தார். கழுதையாவது மழை பெய்தால் ஒதுங்கும். ஏலத்தார் ஒதுங்கியதைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், அவர் வேறு யாரையோ பார்த்திருக்கிறார்.

அவருக்கும் ஞானஸ்நானத்தில் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். கரையில் வந்திறங்கும் மீனை ஏலம் கூறி விற்பது தொழிலாகிவிட்டதால் ஊர் அந்தப் பெயரை மறந்துவிட்டது. மீன்கூடையை மணலில் வைத்து அவர் வாயைத் திறந்தால் சத்தம் தோட்டவெளி ஊர் வரைக்கும் கேட்கும் என்பார்கள். அங்கிருந்தவர்கள் வீட்டில் இருந்தபடியே விலை கேட்டார்கள் என்பதை மட்டும் நான் நம்பவில்லை.

தொழில் அவரோடு கோயிலுக்கும் போனது. கலியாண ஓலையை மூன்று ஞாயிறு பூசையில் வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கும்படி கேட்பார்கள் அல்லவா? முதல் ஞாயிறு சுவாமியார் வாசித்து முடித்ததும் பின்வரிசை வாங்கிலிருந்து "ஒருதரம்" என்று ஒரு குரல் வரும். அடுத்த ஞாயிறு "ரெண்டுதரம்." மூன்றாம் ஞாயிறு "மூண்டுதரம்" என்று வாங்கில் ஓங்கி ஓர் அடி. அந்த அடி விழாத கலியாணம் எங்கள் ஊரில் அரைக் கலியாணம். எனக்கு மூன்றாம் ஓலை வாசித்த அன்று அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். என் மாமியார் ஆள் அனுப்பி, போர்வையோடு கூட்டிவரச் செய்து அந்த அடியைப் போடவைத்தார்.

அவருக்கு இருந்தது ஒரே சட்டம்: "கூறுறவன் கேக்கப்படாது." ஏலம் கூறுகிறவனே விலையும் கேட்டால், தனக்கு ஆசையான மீன் வரும்போது குரலைத் தாழ்த்திவிடுவான் என்பது அவர் வாதம். ஆகவே கண்முன்னே பாரையும் சீலாவும் குவிந்துகிடக்க, அவர் மனைவி பிலோமினாக்கா கறிக்கு மீன் வாங்க அடுத்த ஊருக்கு நடந்தார்; அங்கே கிடைக்காத நாளில் கருவாடுதான். "புருசன் கடற்கரையில, நான் கருவாட்டோட" என்று அக்கா முணுமுணுக்காத நாள் கிடையாது.

யுத்தத்தில் ஊரைவிட்டு வெளியேறி, அது முடிந்து திரும்பி வந்த நாங்கள், எல்லோருமாகச் சேர்ந்து ஓர் ஐஸ் கொம்பனி தொடங்கினோம். எவரும் எங்களுக்குத் தூக்கித் தரவில்லை. காப்பு விற்றவர், ஆடு விற்றவர், கனடாவில் இருக்கும் மகனைத் தொலைபேசியில் அழவைத்தவர் என்று ஊரே போட்டுக் கட்டியது. எல்லாக் குடும்பத்துக்கும் அதில் பங்கு இருந்தது, ஏலத்தார் குடும்பத்தைத் தவிர. ஐஸ் மீனுக்குப் போகிறது, மீன் ஏலத்துக்கு வருகிறது, ஆகவே சட்டம் இடிக்கிறது என்று மறுத்துவிட்டார்.

சில வருடங்களில் ஐஸ் மெசின் இருமத் தொடங்கியது. புது மெசின் வாங்க எங்களிடம் வழி இல்லை. கொம்பனித் தலைவர், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், கொழும்போடு பேசினார். செயலாளராக இருந்த நான் அறிவித்தல் எழுதி ஒட்டினேன்: "தனியார் பங்கு முதலீடு தொடர்பான கூட்டம். ஞாயிறு பூசையின் பின், பங்கு மண்டபத்தில்."

எங்கள் கரையில் பங்கு என்றால் முதலில் கோயில் பங்குதான். கோயில், சுவாமியார், அதைச் சேர்ந்த சனம் எல்லாம் அதற்குள் அடக்கம். மற்றப் பங்கெல்லாம் அதற்குப் பிறகு. அறிவித்தலை நான் பசை காயவிட்டு வருவதற்குள் ஊர் அதை வாசித்து முடித்துவிட்டது: பங்கைத் தனியாருக்கு விற்கப்போகிறார்களாம், கோயிலை விலைபேசக் கொழும்பிலிருந்து ஆள் வருகிறதாம். யாரோ கோயில் மணியை அடித்தார்கள். பங்குதாரரில் பத்துப்பேர் வந்தால் பெரிது என்று கதிரை போட்டிருந்த மண்டபத்தில், ஞாயிறன்று ஊரே துடுப்புகளோடு நின்றது.

சுவாமியாருக்கு வேர்த்துக் கொட்டியது. "பிள்ளையள், இது கோயில் பங்கு இல்லை. ஐஸ் பங்கு."

"அதை மட்டும் விக்கலாமோ?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. துடுப்புகள் இறங்கவில்லை.

கொழும்பிலிருந்து இருவர் வந்திருந்தார்கள். முதலீட்டு வங்கியிலிருந்து ஓர் இளம்பெண், முதலீட்டு நிதியம் ஒன்றிலிருந்து கோட் போட்ட ஓர் இளைஞர். சனத்துக்கு இரண்டுபேரும் ஒன்றுதான், காசோடு வந்தவர்கள். முன்வரிசையில் ஏலத்தார் எழும்பினார்.

"நீர் இரும்," என்றார் தலைவர். "நீர் பங்குதாரர் இல்லை."

"நான் இந்தப் பங்கிலதான் பிறந்தனான். ஞானஸ்நானப் புத்தகம் சுவாமியிட்ட இருக்கு, பாருங்கோ."

மண்டபம் சிரித்தது. சுவாமியார் ஆமோதித்துத் தலையாட்ட, தலைவர் தானே கதிரையில் இருந்துவிட்டார். ஏலத்தார் அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

"பிள்ளை, நீங்கள் எவ்வளவு போடுறீங்கள்?"

"நாங்கள் போடுறேல்லை ஐயா. போடக்கூடிய முதலீட்டாளரைத் தேடி, விலை பேசி, பத்திரம் முடிச்சுத் தருவம். அதுக்கு எங்களுக்குக் கூலி. வாங்கினாப் பிறகு லாபமும் நட்டமும் வாங்கினவரோட."

ஏலத்தாரின் முகம் மலர்ந்தது. "அப்ப நீங்கள் என்ர தொழில்." தன் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, அவளுக்குச் சோடா உடைத்துக் கொடுக்கச் சொன்னார். "ஆனால் பிள்ளை, இந்தச் சத்தத்தில கூறினால் ஒரு சின்னச் சூடைமீன்கூட விலைபோகாது. வயித்திலயிருந்து கதைக்கோணும்."

கோட் போட்டவர் நிமிர்ந்தார். "நாங்கள் அப்படி இல்லை. பல முதலீட்டாளரின் காசைத் திரட்டி வைத்திருக்கிறோம். அதைப் போட்டு அரைவாசிக்கு மேல் பங்கை எடுப்போம். நாங்களே நிர்வாகத்தில் இருந்து கொம்பனியை வளர்ப்போம்."

"உங்களிட்டக் காசு தந்தவன் நாளைக்குத் திருப்பிக் கேட்டால்?"

"கேட்க முடியாது. சில வருடங்கள் பொறுக்க வேண்டும். கொம்பனியை விற்ற பிறகுதான் அவருக்குப் பங்கு பிரிப்போம்."

"அப்ப பிள்ளையிட்ட வாங்கிறவன், கறிக்கு மீன் வாங்கிக்கொண்டு போறவன். உங்களிட்டத் தாறவன், கடலுக்குப் போன வள்ளத்தைப் பாத்துக்கொண்டு கரையில நிக்கிறவன். சரியோ?"

"சரிதான்," என்று இளைஞர் சிரித்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "வளர்த்த பிறகு நல்ல விலைக்கு விற்றுவிட்டு நாங்கள் வெளியேறுவோம்."

வெளியேறுவது என்ற சொல்லை எங்களிடம் அப்படிச் சாதாரணமாகச் சொல்லக்கூடாது. அந்த மண்டபத்தில் அதைச் செய்யாத குடும்பம் இல்லை.

ஏலத்தாரின் குரல் முதல்தடவையாகத் தாழ்ந்தது. "தம்பி, எங்களை வெளியேறச் சொன்னவை கனபேர். சொன்னாப் பிறகுதான் நாங்கள் வெளியேறினனாங்கள். திரும்பியும் வந்தனாங்கள். நீர் வரமுன்னமே வெளியேற நாள் பாத்துக்கொண்டு வாறீர். ஆருக்கு விப்பீர்?"

"கூடின விலை கேட்கிறவருக்கு."

"அது நியாயம்," என்றார் ஏலத்தார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆயுள் முழுவதும் கூடின விலை கேட்டவனுக்கே கொடுத்த மனிதர், வேறு என்ன சொல்வார்? பிறகு வள்ளங்கள் நிற்கும் துறைப்பக்கம் கையைக் காட்டினார். "ஆனால் நான் மீனைத்தான் கூறுறனான். ஒருநாளும் வள்ளத்தைக் கூறினதில்லை. ஐஸ் கொம்பனி எங்களுக்கு மீன் இல்லை, வள்ளம். விக்கிற ஆக்கள் இருந்தால் கை தூக்குங்கோ. ஒருதரம்."

ஒருவரும் அசையவில்லை.

"ரெண்டுதரம்."

ஒரு கை உயர்ந்தது. பிலோமினாக்காவின் கை.

"இஞ்சாருங்கோ, விக்கவேண்டாம் எண்டுதான் நானும் சொல்லுறன். ஆனால் மெசின் சாகக் கிடக்கு. நாளைக்கு உங்கட குரலைப் போட்டோ மீனை உறையவைக்கிறது?"

தலைவருக்கு உயிர் வந்தது. கோட் போட்டவர் பேனாவை எடுத்தார். ஏலத்தார் மனைவியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"இந்த வருசம் நான் கூறி உழைச்ச கூலி முழுக்கக் கொம்பனிக்கு. என்னைப் பங்குதாரராய் எழுதுங்கோ."

"அப்ப இனிமேல் நீங்கள் ஏலம் கூறேலாது," என்றார் அக்கா மெல்ல. "உங்கட சட்டம்."

"தெரியும்."

அந்த ஒரு சொல்லை அவர் சொன்னவிதம் எனக்கு இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. அடம்பன் ஊர் வயல்காரனிடம் வயலைக் கேட்டிருந்தால் அவன் இவ்வளவு லேசாகக் கொடுத்திருக்க மாட்டான்.

அதற்குப் பிறகு எவர் சும்மா இருப்பார்? எங்கள் கரையில் பிடிபட்ட மீனைப் பிரிக்கும்போது ஆட்களுக்கும் வள்ளத்துக்கும் வலைக்கும் தனித்தனிப் பங்கு உண்டு. இனி ஐஸ் மெசினுக்கும் ஒரு பங்கு என்று வள்ளக்காரர் எல்லோரும் எழும்பிச் சொன்னார்கள். "மூண்டுதரம்" என்று ஏலத்தார் மேசையில் அடித்த அடியில் அந்தப் பெண்ணின் சோடாப் போத்தல் உருண்டது. அவள்தான் முதலில் கைதட்டினாள், கூலி இல்லாமல். கோட் போட்டவர் எங்கள் கொம்பனிக்குள் வருவதற்கு முன்னமே வெளியேறினார்.

மெசினை மாற்றினோம். அது இன்றைக்கும் எங்களுடையது. அடிக்கடி பழுதாகும், பழுதும் எங்களுடையதுதான். யாருக்காவது வாங்க ஆசையிருந்தால் வரட்டும், சோடா கொடுத்து அனுப்புவோம்.

கூட்டம் நடந்த மறுநாள் பிலோமினாக்கா கலியாணமான நாள்முதல் முதற்தடவையாக எங்கள் துறையில் மீன் வாங்கினார். ஏலம் கூற அவர் மருமகன் நின்றான். "ஒருதரம், ரெண்டுதரம்" என்றவன் மூன்றாவதைச் சொல்ல வாய் வராமல் நின்றுவிட்டான். வியாபாரிகளும் நின்றார்கள். வள்ளத்து நிழலில் குந்தியிருந்த பங்குதாரர் கடலைப் பார்த்தபடி, யாருக்கோ சொல்வதுபோல "மூண்டுதரம்" என்றார். மீன் விலைப்பட்டது. அது சட்டத்தை மீறியதா என்று அவரிடம் கேட்கும் துணிவு எவருக்கும் வரவில்லை. அன்றிலிருந்து அதுவே வழக்கமானது.

ஏலத்தார் இப்போது இல்லை. ஆனாலும் எங்கள் துறையில் ரெண்டுதரம் என்றதும் எல்லோரும் கொஞ்சம் பொறுத்துத்தான் மீனைத் தூக்குகிறோம்.