மான் மட்டும் தெளிவு

ஒரு பொருளை வாங்குவதற்கு முன் அளவுக்கு மீறி ஆராய்கிறவன், வாங்கிய பிறகு அதோடு வருகிற புத்தகத்தைத் திறந்தும் பார்க்க மாட்டான். நான் அந்த இனத்தைச் சேர்ந்தவன். கமெரா வாங்குவதற்காக ஒரு மாரிகாலம் முழுவதும் ஆராய்ச்சி செய்தேன். அந்த நாட்களில் திருகோணமலைச் சந்தையில் என்னிடம் "எப்படிச் சுகம்?" என்று கேட்டவர்கள்கூட சென்சாரின் அளவைத் தெரிந்துகொண்டுதான் மரக்கறி வாங்கினார்கள்.

சின்னதாக இருக்க வேண்டும், ஆனால் லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும். மிரர்லெஸ் கமெரா என்று ஒரு வகை. கனவு அதுதான். சம்பளமோ ஒரு காப்புறுதி அலுவலகத்தின் கடைசி மேசைச் சம்பளம். (கனவுக்கு அது தெரியாது.)

இந்த வகைக் கமெரா வாங்குவதும் சம்பந்தம் செய்வதும் ஒன்றுதான். பெண்ணை மட்டும் பார்த்தால் போதாது. அந்தக் கம்பனியின் லென்ஸ்கள் என்கிற மொத்தக் குடும்பத்தோடும் காலம் முழுக்க உறவு கொண்டாட வேண்டும். ஒன்றில் கமெரா நல்ல வடிவு, குடும்பம் யானை விலை. மற்றதில் குடும்பம் தங்கமானது, கமெரா செங்கல்.

எனக்கு ஆலோசகன் நியாஸ். தினமும் கிண்ணியாவிலிருந்து வந்து நகரத்தில் போன் திருத்துகிறவன். அவனுக்கும் கமெராவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இருவரும் ஒரே வீடியோக்களைப் பார்த்ததால் எங்களுக்குள் கருத்து வேறுபாடே வந்ததில்லை. கடைசியில் இரண்டு பழைய கமெராக்கள் மிஞ்சின. ஒன்றில் கண்ணை வைத்துப் பார்க்கிற சின்னக் கண்ணாடி இருந்தது. மற்றதில் அது இல்லை, அதனால் விலை குறைவு.

"கண் வைச்சுப் பாக்கிறதெல்லாம் அந்தக் காலம் மச்சான். பின்னால திரை இருக்குத்தானே," என்றான் நியாஸ். "மிச்சக் காசுக்குப் பின்னணி மங்கலா விழுற லென்ஸ் ஒண்டை எடு. இன்னொண்டு, இந்தக் கமெரா மிருகத்தின்ட கண்ணையும் தானாத் தேடிப் பிடிக்குமாம்."

"மிருகத்தின்ர கண்ணையுமோ?"

அதோடு முடிவாகிவிட்டது; கண்ணாடி இல்லாததையே வாங்கினேன். காப்புறுதி எழுதுகிறவனுக்கு மிருகத்தின் கண் எதற்கு என்று இருவருமே யோசிக்கவில்லை.

அக்காவுக்குக் கல்யாணம் சரிவந்தது அந்த நேரத்தில்தான். மாப்பிள்ளை கனடா. கல்யாணத்துக்கு அடுத்த நாள் விடியவே அத்தான் திரும்பிப் போக வேண்டும். அக்காவுக்கு விசா எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அத்தானின் அம்மா, அதாவது மாமி, முழங்காலில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு அங்கேயே படுத்திருந்தார். பிறந்து வளர்ந்தது திருகோணமலையில். மகனின் கல்யாணத்துக்கு வர முடியவில்லை. அக்காவிடம் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பிள்ளை, மண்டபத்துப் படம் எல்லாருக்கும் வரும். எனக்குக் கோட்டைக்குள்ள, அந்தப் பெரிய மரங்களுக்குக் கீழ, நீங்கள் ரெண்டு பேரும் நிக்கிற ஒரு படம் அனுப்புங்கோ. சுவரில மாட்ட."

அக்கா ஸ்டூடியோக்காரரைக் கோட்டைக்கும் கூட்டிப்போக நினைத்திருந்தாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"வீட்டில கமெரா இருக்கேக்க ஆரும் வெளியில ஆள் பிடிப்பினமே?"

"உனக்கு ஏலுமோடா?"

"அக்கா, இதுக்கெண்டுதான் நான் வாங்கினனான்." (சுத்தப் பொய்.)

பயிற்சி எடுத்தேன். எங்கள் ஊரில் மாடும் நாயும் போல மானும் வீதியில் நிற்கும். வேலை முடிந்து பின்னேரம் பின்னேரமாகக் கோட்டைக்குள் போய் மான்களைப் படம் எடுத்தேன். மிருகக் கண் தேடுகிற வசதியை நியாஸ் போட்டுத் தந்தான். இமை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்தது! முகநூலில் போட்டால், புல்மோட்டையிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் "ஆஹா" என்று எழுதினார். அன்றிரவு எனக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

கல்யாணத்தன்று சாப்பாடு முடிந்து கோட்டைக்குப் போகும்போது உச்சி வெயில். அக்கா கூறைச் சேலையில், அத்தான் தலைப்பாகையோடு. கழுத்தில் பூமாலை. அந்த வாசத்துக்கு ஒரு மான் வந்து இருவருக்கும் முன்னால் நின்றது.

"தம்பி, மானைக் கலைக்கட்டோ?" என்று அத்தான் கேட்டார்.

"வேண்டாம் அத்தான், நிக்கட்டும். இயற்கையா இருக்கும்!"

கமெராவைத் தூக்கினேன். திரை ஒரே கறுப்பு. அந்த வெயிலில் அதில் தெரிந்தது என் மூஞ்சி மட்டும்தான். கண்ணை வைத்துப் பார்க்கிற கண்ணாடியைத்தான் காசு மிச்சம் பிடிக்க விட்டுவிட்டேனே. ஆனால் கமெரா 'பீப்' என்றது. பீப் என்றால் குறி சரியாக விழுந்துவிட்டது என்று அர்த்தம். எதில் விழுந்தது என்பதை அது சொல்லாது.

"விழுகுதோடா?" அக்காவின் முகத்தில் வேர்வை வழிந்தது.

"விழுகுது, விழுகுது. சிரியுங்கோ!"

"ஒருக்காப் பாத்திட்டு எடன்."

"அக்கா, படம் எடுக்கிறவனைக் குழப்பாதேங்கோ."

பீப், பீப் என்று எடுத்துத் தள்ளினேன்.

இருட்டிய பிறகு வீட்டில் கொம்பியூட்டரில் போட்டேன். சொந்தக்காரர் எல்லாம் கதிரைகளை இழுத்துக்கொண்டு வந்து சூழ்ந்தார்கள். முதல் படம் வந்தது. மான். உயிரோடு எழும்பி வரும் போல ஒரு மான். அதற்குப் பின்னால் சிவப்பாக ஒரு புகை, வெள்ளையாக ஒரு புகை. சிவப்பு அக்கா. அடுத்ததும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். ஒன்றில் மான் அத்தானின் மாலையைத் தின்றுகொண்டிருந்தது; அதன் வாயிலிருந்த பூவிதழ்கூடத் தெளிவு. மாலைக்குச் சொந்தக்காரர் மட்டும் இல்லை. பின்னணியை மங்கலாக்க வாங்கிய லென்ஸ் தன் கடமையைச் செய்திருந்தது. அக்காவும் அத்தானும்தான் பின்னணி.

கமெராவைத் திருப்பிப் பார்த்தேன். 'மிருகம்' என்ற இடத்தில் அது அப்படியே நின்றது.

"நாங்கள் மிருகம் இல்லையெண்டு உம்மட கமெராவுக்காவது விளங்கியிருக்கு," என்றார் அத்தான். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மாமி கேட்டது ஒண்டே ஒண்டுதானேடா," என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. விடிந்தால் அத்தான் இல்லை. இனி எப்போது இந்த இருவரும் ஒன்றாக அந்த மரங்களுக்குக் கீழே நிற்கப் போகிறார்கள்? கமெராவைத் துறைமுகத்தில் எறிந்துவிடலாம் போலிருந்தது.

மான் மாலை தின்கிற படத்தை அத்தான் கொண்டுபோய்த் தாயிடம் கொடுத்தார். அவர் கனடா போய் இறங்கிய மறுநாளே மாமி என்னைப் போனில் கூப்பிட்டார். வாங்கப் போகிற ஏச்சுக்குத் தயாராக எழுந்து நின்றுகொண்டு கதைத்தேன்.

"தம்பி, மான் நல்ல வடிவு. பின்னால வெள்ளையா நிக்கிறது ஆர், என்ர மகனோ?"

"ஓம் மாமி."

"தலைப்பாகையைப் பாக்க அப்பிடித்தான் நினைச்சனான்."

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். நிறுத்தவே முடியவில்லை. கடைசியில், "ஐயோ தம்பி, சிரிக்க முழங்கால் நோகுது, போனை வையுங்கோ," என்றார். அந்தப் படத்தைத்தான் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். பிறகு விசா கிடைத்து அக்காவும் அங்கே போனாள். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் தேநீர் வருவதற்கு முன் என் கதை வருகிறதாம். கனடாவில் நான் கண்ணாலும் காணாத சனமெல்லாம் என்னை "மான் தம்பி" என்கிறார்கள்.

போன வருடம் மாமி பொல்லை ஊன்றிக்கொண்டு ஊருக்கு வந்தார், அக்காவோடும் அத்தானோடும். முதல் வேலையாகக் கோட்டைக்குப் போனோம். அதே மரங்கள். ஒரு மானும் நின்றது. (அதே மான் என்று மாமி இன்றைக்கும் வாதாடுகிறார்.) நான் கமெராவை வெளியே எடுத்தேன். இப்போது 'மனிதர்' என்று மாற்றி வைத்திருந்தேன்.

"தம்பி, நீங்களும் எங்களோட வந்து நில்லுங்கோ," என்றார் மாமி.

"அப்ப ஆர் மாமி எடுக்கிறது?"

மாமி தன் போனை எங்களைக் கூட்டிவந்த ஓட்டோக்காரரிடம் நீட்டினார். அவர் ஒரு கையால் ஒரே தட்டாகத் தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

படத்தில் மாமி தெளிவு, அக்காவும் அத்தானும் தெளிவு, மானும் தெளிவு. நான் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கிறேன்.

மாமி அதையும் பழைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். வருகிறவர்களுக்கு இரண்டையும் காட்டி இப்படிச் சொல்கிறாராம்: "ரெண்டிலயும் மான் வடிவா நிக்குது, பாருங்கோ. தம்பிக்குத்தான் கமெராவுக்குப் பின்னாலயும் நிக்க ஏலாது, முன்னாலயும் நிக்க ஏலாது."